மூடி திறக்கும் முன் கேட்ட சத்தம்

வேலேந்திய பெருமானே, எழுதும் சொல் பிழையாதிருக்க அருள்வாய்.

வைகாசி விசாகம். காலையில் பதிகம் ஓதி, பாலாபிஷேகம் கண்டு, விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். மைத்துனர் வீட்டு அழைப்பு. அவர் பட்டாசு கம்பெனி முதலாளி. மும்பை வியாபாரி ஒருவர் பெரிய ஆர்டரோடு வந்திருந்தார்.

நல்ல நாள்தான். ஆனால் சமையலறையில் நான் கண்ட காட்சி...?

மைத்துனரின் மகன் — வெளிநாட்டில் படித்தவன் — ஷாம்பெயின் காக்டெய்ல் தயாரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கண்ணாடிக் கோப்பையிலும் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் கசப்புச் சாறு சில சொட்டு, கொஞ்சம் பிராந்தி, கடைசியில் குளிர்ந்த ஷாம்பெயின். அதுதான் முறையாம். சர்க்கரைக் கட்டி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சமையல் செய்யும் பேச்சியம்மாள் கல்கண்டு டப்பாவை நீட்டினாள்.

நைவேத்தியக் கல்கண்டு மதுவில் விழுவதா? என் முகம் சுருங்கியது.

“கோச்சுக்காதீக மாமா. சாமிக்கு வச்சது தனியா இருக்கு,” என்றான்.

பேச்சியம்மாள் கோப்பையை முகர்ந்து பார்த்தாள். “பிள்ள பெத்தவளுக்குக் குடுக்குற கசாயமாட்டம்ல இருக்கு தம்பி.”

சிரித்தோம். தன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்றும், அன்றைக்கும் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்றும் என்னிடம் சொன்னாள்.

பையன் ஷாம்பெயின் பாட்டிலைக் கூடத்துக்கு எடுத்து வந்தான். மூடி ‘டப்’பென்று பறக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் எல்லோரும் காத்திருந்தார்கள். கம்பியைப் பிரித்தான். மூடியில் கட்டைவிரலை வைத்தான்.

சத்தம் கேட்டது. கைதட்டினார்கள்.

அவன் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மூடி பாட்டிலிலேயே இருந்தது.

தனியாக ஒரு வெடி கேட்டால் வானத்தில் புகையைத் தேடும் ஊர் இது. அன்று வேறொரு சத்தத்துக்குக் காத்திருந்த காது ஏமாந்து போயிற்று.

செல்போன் அடித்தது. கேட்டுவிட்டு மைத்துனர் மெல்ல உட்கார்ந்தார்.

“நாரணாபுரம். நம்ம கம்பெனி இல்ல.”

கூடமே மூச்சு விட்டது. பிறகு அந்த ஆலையின் பெயரைச் சொன்னார். வாசற்படியில் நின்ற பேச்சியம்மாள் அதைக் கேட்டாள். அழவில்லை.

“எம்பிள்ள அங்கனதான்யா இருக்கா.”

மைத்துனரின் காரில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். வழியெல்லாம் இந்தப் பிள்ளையைக் காப்பாற்று, இந்தப் பிள்ளையைக் காப்பாற்று — பெருமானிடம் எனக்கு வேறு சொல் வரவில்லை.

காப்பாற்றினான். தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் தப்பியவள், கரி படிந்த முகத்தோடு வராந்தாவில் நின்றாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டார்கள்.

நன்றிப் பாடல் என் நாவின் நுனிவரை வந்தது. அப்போதுதான் கண்டேன் — தூணடியில் இன்னொரு தாய், தலையை மோதிக்கொண்டு...

பேச்சியம்மாளின் மகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்னிடம் சொன்னாள்: “அந்தம்மா மகளும் நானும் ஒரே ரூம்லதான் இருந்தோம்யா. தண்ணி குடிக்க வாடின்னு கூப்பிட்டேன். இந்தா வாரேன்னு சொன்னா.”

அந்தத் தாயின் முன்னால் எந்தப் பாடலைப் பாடுவது? நான் வேண்டும்போது அவள் மகளையும் சேர்த்து வேண்டியிருக்கலாமே... தோன்றவில்லையே! வாழ்நாளெல்லாம் பாடிய நாவு அசையாமல் கிடந்தது.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும், நீங்கள் அறியாத வீடுகளிலும், காலையில் வேலைக்குப் போனவர்கள் மாலையில் தம் காலால் நடந்து வந்து சேர்வார்களாக.