றொஜனின் பெயரில்

நாரந்தனையில் றொஜனைப் போல ஒரு கெட்டிக்காரனும் இல்லை, அவனைப் போல ஒரு விசரனும் இல்லை. கடற்தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கடலால் வந்து குளித்ததும், நான் வேலை பார்க்கும் சனசமூக நிலையத்துக்கு வந்துவிடுவான். எங்கள் குறிச்சிக்கு வைஃபை கொண்டுவந்ததே அவன்தான். வருகிறவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, தலைமைக் கணினியிடம் கேட்டுச் சரிபார்த்து ஆளை உள்ளே விடுகிற புறொக்சி மென்பொருள் ஒன்றை அவனே தேடிப் பிடித்து நிலையக் கணினியில் பூட்டினான். காசில்லாதது, எவரும் திறந்து பார்த்துத் திருத்தலாம்.

பூட்டி என்ன? கணக்கு இல்லாத சனம் வந்து நின்றால், "என்ரையைப் போடுங்கோ" என்று தன் கடவுச்சொல்லையே சொல்லிவிடுவான். வலையில் பட்டதில் அயலுக்குக் கறிக்குக் கொடுக்கிற வீட்டுப் பழக்கம். "இது மீனில்லையடா, மடையா!" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! சிரிப்பான்.

ஐப்பசியில் அவன் போன படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. ஆளைக் காணவில்லை.

தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் இரங்கல் பூசை வைக்கத் தாய் செபஸ்தியம்மா சம்மதிக்கவில்லை. நிலையத்துக்கு வந்து கணினித் திரையைக் காட்டினார். இணைப்பில் இருப்பவர்களின் பெயர்கள் அதில் பச்சையாகத் தெரியும். மகனின் பெயரும் பச்சையாக இருந்தது.

"இஞ்ச பாரும் பிள்ளை, உள்ளுக்கை நிக்கிறான். எங்கையோ கரையேறி இருக்கிறான். உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் பூசை வைக்கிறது?"

"மாமி, அது அவனில்லை. அவன்ரை பேரிலை அயலட்டைச் சனம்தான் வைஃபை பாக்குது."

"பொய் சொல்லாதையும்!"

எழும்பிப் போனார். நானும் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் ஒரே கேள்வி: "என்ரை பிள்ளையின்ரை பேரிலையோ பாக்கிறியள்?" இரஞ்சிதம் அக்கா தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றார். அடுத்த வீட்டிலும் ஓம். அதற்கடுத்த வீட்டிலும் ஓம். பாழாய்ப்போன சனம், ஒருவராவது இல்லையென்று சொல்லக்கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளை அழுதேவிட்டார். "இண்டைக்கே விட்டிடுறன், அக்கா."

செபஸ்தியம்மா படலையடி மணலில் இருந்துவிட்டார்.

"விடவேண்டாம். அவன் தந்ததெல்லே, பாருங்கோ."

பிறகு என் கையைப் பிடித்து எழும்பினார்.

"வாரும் பிள்ளை, சுவாமியாரிட்டைப் போவம். பூசைக்குச் சொல்லவேணும்."