லேடீஸ் அலமாரிப் பக்கம் போனவன்

முப்பது வருஷத்துக்கு மேல் கொலைக் கதைகளாகப் படித்துத் தள்ளியவன் நான். பாலில் விஷம் வைத்தவன், தலையணையால் அமுக்கியவன், மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டவள் என்று எல்லோரோடும் எனக்குப் பழக்கம் உண்டு. அத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தராவது பயந்திருப்பார்களா? பக்கத்து ஃபிளாட்டில் அரிவாள்மனையை எடுத்து ஒளித்து வைத்தார்களா? இல்லை. 'சார் நல்ல படிப்பாளி' என்றுதான் பேர். அப்பேர்ப்பட்டவன் போன வருஷம் ஏதோ கொஞ்சம் காதல் கதை படித்தேன். அவ்வளவுதான், மயிலாப்பூரே என் நடத்தையைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டது.

என் புத்தி எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நசுங்கிய காரைச் சுற்றி வந்து, ஓட்டினவர் சொல்வதில் எது நிஜம், எது புளுகு என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. 'நின்னுக்கினு இருந்த வண்டி மேல வந்து மோதிட்டான் சார்' என்பார்கள். நின்றுகொண்டிருந்த வண்டிக்கு முன்பக்கம் எப்படி அப்பளமாக நொறுங்கும் என்று கேட்டால் முழிப்பார்கள். பகலெல்லாம் பொய்யைப் பிடித்துவிட்டு, சாயங்காலம் துப்பறியும் நாவலைப் பிடிப்பேன். இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றுக்குச் சம்பளம் உண்டு, மற்றதற்கு வாடகை கொடுக்க வேண்டும்.

அந்த வாடகைப் புத்தகக் கடை, மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. லெண்டிங் லைப்ரரி என்று போர்டு. மெட்ரோவுக்காகத் தெருவைக் குடைந்து தகரத்தால் அடைத்து வைத்திருப்பதால் இப்போது ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். நான் போகிறேன். என் மனைவியும் போகிறாள். ஆனால் சேர்ந்து போனதில்லை. அவள் காலையில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்படியே போவாள். காலையில் கல்லாவில் உட்காருவது கடைக்காரரின் மனைவி. நான் சாயங்காலம் போவேன். அப்போது உட்காருவது கடைக்காரர். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே அங்கே உறுப்பினர். அவள் கார்டில் இன்னும் சாந்தோமில் இருந்த அவள் அப்பா வீட்டு முகவரிதான், எங்கள் மந்தைவெளி முகவரி இல்லை. மாற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இந்த மாதிரி லைப்ரரிகளில் ஒரு வழக்கம் உண்டு. படித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு வந்து ஏமாறக் கூடாது என்று, ஒவ்வொரு வாசகரும் பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் தனக்கென்று ஒரு குறி போட்டுவைப்பார்கள். ஒருத்தர் மீன், ஒருத்தர் சிலுவை, ஒருத்தர் பிறை, ஒருத்தர் இன்ஷியல். யாரும் யாரையும் கேட்பதில்லை. என் குறி வட்டத்துக்குள் ஒரு டிக். பரிசோதித்தாகிவிட்டது என்று வண்டி பாகங்களில் போட்டுப் போட்டுப் பழகியது. என் மனைவியின் குறி, கோலம் ஆரம்பிக்கிற மாதிரி மூன்று புள்ளி.

போன வருஷம் ஒரு நாள் துப்பறியும் அலமாரியில் எந்தப் புத்தகத்தைத் திருப்பினாலும் என் டிக்கே என்னைப் பார்த்துச் சிரித்தது. "அந்த அலமாரி முடிஞ்சிடுச்சு சார், ரெண்டாவது ரவுண்டு வர்றீங்களா?" என்றார் கடைக்காரர். கொலைகாரன் யார் என்று தெரிந்த கதையை இன்னொரு தரம் படிப்பது, சாப்பிட்ட இலையிலேயே மறுபடி உட்காருவது மாதிரி. சரி, மற்ற அலமாரிகளையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

பேய்க் கதை எடுத்தேன். பூட்டிய வீட்டுக்குள் பேய் வந்தது. பூட்டைத் தாண்டி வருகிற பேய், உள்ளே வந்த பிறகு கதவை எதற்குத் தட்டுகிறது? இதற்குப் பதில் சொல்லாமலே கதையை முடித்துவிட்டார்கள். விஞ்ஞானக் கதை எடுத்தேன். வேறு கிரகத்துக்குப் போயும் அங்கே ஒரு ஆபீஸ், ஒரு மேலதிகாரி, ஒரு விசாரணைக் கமிஷன். இதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? ராஜா கதை எடுத்தேன். குதிரைகள் நன்றாக இருந்தன. யார் யாருக்குச் சித்தப்பா என்பதில் தடுமாறி, இரண்டாம் பாகத்திலேயே இறங்கிக்கொண்டேன். மீதி இருந்தது கடையிலேயே பெரிய அலமாரி. குடும்பம், காதல், கல்யாணம். கடையில் அதற்குப் பேர் லேடீஸ் அலமாரி. ஆண்கள் அதன் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. என் மனைவி படிக்கிற அந்தப் புத்தகங்களை நான் அழுமூஞ்சிக் கதை என்றுதான் சொல்லி வந்தேன். படிக்காமல் சொன்னேன், அவ்வளவுதான்.

அத்தனை புத்தகத்தில் எதை எடுப்பது? பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிறையப் புத்தகங்களில் மூன்று புள்ளி இருந்தது. சிலவற்றில் மட்டும் அந்த மூன்றுக்குக் கீழே நாலாவதாக ஒரு புள்ளி. கை தவறி விழுந்த புள்ளி இல்லை, அழுத்தி வைத்தது. சர்வேயர் புத்தி சும்மா இருக்குமா? மூன்று புள்ளி ஒன்று, நான்கு புள்ளி ஒன்று என்று இரண்டு எடுத்துப் போய்ப் படித்துப் பார்த்தேன். முதலாவது சுமார். இரண்டாவதை முடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. நாலாவது புள்ளி என்றால் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் நான்கு புள்ளியாகத் தேடித் தேடி எடுத்தேன். படித்து முடித்து, புள்ளிக்குப் பக்கத்திலேயே என் டிக்கைப் போட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கதைகள் என்னை ஆட்டிவைத்துவிட்டன. கொலைக் கதையில் யார் செய்தது என்பது கடைசியில்தான் தெரியும், அதனால் படபடப்பு. இதில் இன்னார் இன்னாரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. தெரிந்த பிறகும் ஏன் படபடக்கிறது? அதிலும் ஒரு கதை. ஒருத்தி காய்ச்சலோடு விருந்தாளிகளுக்குச் சமைக்கிறாள். புருஷன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ரசம் ஏன் ஆறியிருக்கிறது என்று கேட்கிறான். அவள் ரசத்தைச் சுடவைத்துக் கொண்டுவந்து ஊற்றுகிறாள். நெடுநாள் கழித்து, வேறு ஏதோ உப்புப் பெறாத காரணத்துக்காகப் பெட்டியை எடுத்துக்கொண்டு பிறந்த வீடு போய்விடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வந்து அவன் முன்னால் வைக்கிறாள். முற்றும்.

அதெப்படி ஒரு டம்ளர் காபியில் மன்னித்துவிட்டாள்? எனக்கு மனசு ஆறவில்லை. யாரிடமாவது கேட்க வேண்டும். யாரிடமாவது என்ன, என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். நான்கு புள்ளி வைத்தவள் அவள்தானே. ஆனால் எங்கள் வீட்டில் பேச்சு என்பது 'மோட்டார் போட்டாச்சா', 'பால் வந்துதா', 'கேஸ் புக் பண்ணீங்களா' என்ற அளவில் சுருங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு நடுவில் 'அவள் ஏன் மன்னித்தாள்' என்று எப்படி நுழைப்பது? அந்த ஒரு பேச்சை அவளோடு பேசிவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பசி மாதிரி வந்துவிட்டது. ஆனாலும் கூச்சம். புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, பூங்காவில் உட்கார்ந்து படித்தேன்.

அங்கே பிடித்தது சனி. என்னோடு நடக்க வருகிறவர் ஒருவர், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், நல்ல மனுஷன்தான். காலண்டர் தாள் நழுவ, உள்ளே இருந்த அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டார். அதில் ஒரு பெண், ஜன்னல், மழை.

"இன்னா சார் இது? வீட்ல எதுனா பிரச்சினையா?"

"கதை சார். படிக்கிறேன்."

"அது தெரியுது. இந்த வயசுல இதெல்லாம் இன்னாத்துக்கு? மனசு ஒரு மாதிரி பூடும் சார். கோயிலு கீது, கச்சேரி கீது, போய்க்கினு இருக்கலாமே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கொலைகாரர்களோடு நான் குடித்தனம் நடத்திய காலத்தில் இவர் என்னிடம், 'அடுத்து யாரை சார் போட்டுத் தள்ளினான்' என்று கதை கேட்டவர். கழுத்தை அறுப்பது பொழுதுபோக்கு. ஒரு புருஷன் பெண்டாட்டியைப் புரிந்துகொள்ள முயற்சி செய்வது மனக்கோளாறு! என்ன நியாயம் இது? அன்றைக்குப் பூங்காவில் அடுத்த சுற்றை நான் தனியாகத்தான் நடந்தேன்.

அதாவது பரவாயில்லை. லைப்ரரியில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குக் காது சுடுகிறது. ஒரு சாயங்காலம் லேடீஸ் அலமாரியின் முன் நின்று பின்னட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வட்டம் போட்டு டிக், அது உங்களோடதுதானே?"

"ஆமாம். அதுக்கென்ன?"

"காலைல வர்ற லேடீஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க சார். ஒரு அம்மா புள்ளி வெச்ச புக்கா பாத்து, அது பின்னாடியே ஒரு ஆள் எடுத்துக்கினு இருக்கார்ன்னு. அதுவும் அவங்களுக்குப் புடிச்ச புக்கா பாத்து."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. "யோவ், அந்தப் புள்ளி யாருதுன்னு உமக்குத் தெரியுமா?"

"அதக் கேக்காதீங்க சார். ஒரு லேடி மெம்பர் விஷயம், சொல்ல மாட்டேன்."

"என் பெண்டாட்டி புள்ளி ஐயா அது!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். நின்றுகொண்டிருந்த வண்டி மேல் மோதிவிட்டான் என்று சொன்னவர்களையெல்லாம் இத்தனை வருஷம் நான் பார்த்த அதே பார்வை. "சார், அந்த அம்மா அட்ரஸே சாந்தோம். நீங்க மந்தைவெளி. போதாததுக்கு, எங்க வீட்ல அவங்களையே நேரா கேட்டாச்சு. இந்த டிக் யாருன்னு தெரியுமாம்மான்னு. தனக்குத் தெரியாத ஆளுன்னுட்டாங்க."

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் படிப்பது போல் நின்றார்கள். "இனிமே எது வேணும்னு சொல்லுங்க சார், நானே எடுத்துத் தர்றேன். நீங்க அந்தாண்ட போக வேணாம்" என்றார் கடைக்காரர், எனக்கு ஏதோ உபகாரம் செய்கிறவர் போல. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முக்கியமில்லை. கட்டின பெண்டாட்டிக்குப் பிடித்த புத்தகத்தைப் படித்ததற்காக, ஊரான் பெண்டாட்டியைத் தொடர்ந்தவன் என்று பேர் வாங்கியவன் இந்த மயிலாப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் வீடு வரும் வழியெல்லாம் என்னைக் குடைந்தது கடைக்காரர் இல்லை. தெரியாத ஆள் என்று அவள் எப்படிச் சொல்லலாம்? என் டிக்கை அவள் பார்த்ததே இல்லையா? வீட்டில் நான் படித்துப் போட்ட அத்தனை கொலைக் கதையிலும் அது இருக்கிறதே. என்னைக் காட்டிக்கொடுத்தால்கூடப் போகட்டும், கைகழுவி விட்டுவிட்டாளே! செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

அவள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லைப்ரரியில் நடந்ததை நான் முழுக்கச் சொல்லி, கத்தி, மூச்சு வாங்கி நிற்கும் வரை அவள் கை நிற்கவில்லை.

"டிக்கைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"என்னோடதுன்னு தெரிஞ்சுதா இல்லையா?"

"உங்களோடது மாதிரிதான் இருந்துது."

"அப்புறம் ஏன் தெரியாதுன்னு சொன்னே?"

அவள் ஒரு காம்பை உருவிப் போட்டாள். "கடைக்கார அம்மா என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குப் பிடிச்சது எதுன்னு பார்த்துப் பார்த்து ஒருத்தர் எடுக்கறாரே, யாருன்னு தெரியுமாம்மான்னு கேட்டாங்க. அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது. உங்க டிக்கைப் பார்த்து வேற யாரோ அதே மாதிரி போடறாங்கன்னு நினைச்சேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன். விலாசம் கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆத்திரம் வந்தது. அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து, திரும்பத் திரும்ப ரினியூ பண்ணி வைத்திருந்த அந்தக் காய்ச்சல்காரி கதையை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டேன். "நான்தான் படிச்சேன். எல்லாத்தையும் நான்தான் படிச்சேன். இவ எப்படி ஒரு காபியில அவனை மன்னிச்சா, அதை மட்டும் சொல்லு. இத்தனை நாளா அது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கணும்னு இருக்கேன்."

அவள் முதல் தடவையாகக் கீரையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். காலண்டர் தாள் அட்டையைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மன்னிச்சான்னு யார் சொன்னது?"

"காபி கொண்டுவந்து குடுக்கறாளே!"

"கேபிள்காரர் வந்தாக்கூட நான் காபி குடுக்கறேன். மன்னிச்சான்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, எடுத்துக் காட்டுங்க."

இதைத்தானே சர்வேயராக நான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆதாரம் எங்கே என்று. புத்தகத்தை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தை வரி வரியாகப் படித்தேன். வாசல் இருந்தது, அவன் நின்றான், காபி வந்தது. அவள் மன்னித்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை.