சுயவிபரக் கோவையில் இரண்டு விலாசம்

உயர்தரம் முடித்து ஒரு டிப்ளோமாவும் வாங்கிய பிறகு, ஒரு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. சுயவிபரக் கோவையை டைப் செய்து தந்த கடைக்காரப் பெண், 'பகுத்தாய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல்' என்று அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். எல்லாருக்கும் அதைத்தான் போடுகிறாளாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் அந்த வரியை ஒரு தடவை உண்மையாக்கிப் பார்த்தேன். ஐந்து கம்பனிகளுக்கு எங்கள் மஹய்யாவ விலாசத்தோடும், இன்னும் ஐந்துக்கு கட்டுகஸ்தோட்டையிலிருந்த தோழியின் விலாசத்தோடும் அனுப்பினேன். மற்றதெல்லாம் ஒன்றுதான். தோழி வீட்டுக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டு இரண்டு கடிதம் வந்தன. எங்கள் வீட்டுக்கு கரண்ட் பில் வந்தது. மாநகர சபையில் தெருக்கூட்டுகிறவர்கள் இருக்கும் இடம் என்றுதான் மஹய்யாவவைப் பலரும் சொல்வார்கள். அப்பாவுக்கும் அந்த வேலைதான்.

முதல் பரீட்சைக்கு, விலாசத்தை உறுதிப்படுத்தும் கிராம சேவகர் சான்றிதழும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். குடியிருக்கும் இடத்தில்தான் அதைத் தருவார்கள். இவ்வளவு பகுத்தாய்ந்த மூளைக்கு இது உறைக்கவில்லை. நான் செய்த வேலை தெரியாத அப்பா, லீவு போட்டு, காத்து நின்று அதை வாங்கி வந்தார். பரீட்சையன்றும் கூடவே வந்து படிக்கட்டடியில் நின்றுகொண்டார்.

உள்ளே இருந்த அதிகாரி தமிழர். கடைக்காரப் பெண் சேர்த்த அந்த வரியில் விரலை வைத்தார்.

"நீங்க அப்படி எடுத்த முடிவு ஒன்ன சொல்லுங்க."

என்னிடம் அசல் உதாரணம் ஒன்று இருந்தது. அதை எந்த வாயால் சொல்வது? வீட்டுக்குக் குக்கர் வாங்கிய கதையை உளறினேன். அவர் சான்றிதழை எடுத்துப் பார்த்தார்.

"இதுல மஹய்யாவன்னு இருக்கு. சீ.வி.யில கட்டுகஸ்தோட்டை. எது சரி?"

"மஹய்யாவ பழைய விலாசம் சேர்."

"இப்ப அங்க யார் இருக்காங்க?"

"எங்க ஆளுங்க யாரும் இல்ல சேர்."

அறிவிக்கிறோம் என்று கோவையை மூடினார். அறிவிக்கிறோம் என்றால் கிடையாது என்று அர்த்தம். வேலை போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. என்னை நினைத்துத்தான் கூசிப்போனேன்.

கீழே அப்பா குடையை விரித்தார்.

"சேர்ட்டிபிகேட்ட பார்த்தாங்களாம்மா?"

"பார்த்தாங்கப்பா."

"நம்ம குடும்பத்த பத்தி கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்னம்மா சொன்ன?"

"நல்லாத்தான் சொன்னேம்ப்பா," என்றேன்.