வேண்டாம் என்ற பால்மா

மொன்றியலிலிருந்து இரண்டு நாள் தங்கிப்போக வந்த நானும் ஏழு மாத மகளும், ஸ்காபரோவில் தோழி வசந்தியின் பதினோராம் மாடி வீட்டில் ஐந்தாவது நாளாகப் பனியில் அடைபட்டிருக்கிறோம். பனி அள்ள ராணுவம் வருகிறது என்கிறது தொலைக்காட்சி. ராணுவம் என்று கேட்டும், ஊரில் போருக்குத் தப்பி வந்த நாங்கள் ஓடாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

என் பையில் தெர்மாமீற்றர், இரண்டு வகைக் காய்ச்சல் மருந்து, நான்கு குல்லாய் இருக்கின்றன. மகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மா மட்டும் இரண்டு கரண்டிதான் மிச்சம். எதிர்க்கட்டடத்து ராணி, எங்கள் வகுப்புத்தோழி, காலையில் தொலைபேசியில் விசாரித்தபோது, "ஒண்டும் வேண்டாமடி" என்று சொல்லிவிட்டேன். அதுமுதல் டின்னைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

மதியம் கதவைத் திறந்தால், புருவமெல்லாம் பனியோடு ராணி.

"ரெண்டுபேரும் பயந்துகொண்டிருப்பியள் எண்டு வந்தனான்."

அவள் பையில் மீன் ரோல்ஸ், சீட்டுக்கட்டு, அடியில் தன் சின்னவனின் பால்மா டின்.

"உது ஏன்? நான் வேண்டாம் எண்டனான்."

"பள்ளிக்கூடத்திலை பசியிலை மயங்கி விழேக்கையும் நீ வேண்டாம் எண்டுதானே சொன்னனி! சரி, திருப்பிக் கொண்டுபோறன்."

மகள் வீறிடுகிறாள். நான் டின்னைப் பறித்து, "இந்தப் பனியிலை உனக்கு வீண் கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறக்கிறேன்.