வாய் தெரியும் வெளிச்சம்

கல்லூரியில் அவருக்கு லைட் டீச்சர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். நாடகத் துறை மாணவர்களுக்கு மேடை விளக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அந்த வாரம் அவர் தலையில் ஒரு பொறுப்பு வந்து விழுந்தது. கணினித் திரையிலேயே மேடையைக் கட்டி, விளக்குகளைத் தொங்கவிட்டு, காட்சிக்குக் காட்சி வெளிச்சம் அமைத்துப் பழக மாணவர்களுக்கு ஒரு மென்பொருள் வேண்டும். எத்தனையோ பார்த்துக் கழித்ததில் இரண்டு மிஞ்சின. எது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது இருக்கிறதே, அது சரியான மினுக்கி. திரையில் புகை மிதக்கும். அதைக் கிழித்துக்கொண்டு நீல வெளிச்சம் இறங்கும். துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, "இதையே வாங்கிடுங்க மேடம், சினிமா மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவது, பெண் பார்க்க வரும் நாளில்கூடத் தலை சீவாத ரகம். கோடு, எண், கட்டம். மேடையில் ஆள் நிற்கிறார் என்றால் ஒரு வட்டமும் நாலு குச்சியும், அவ்வளவுதான்.

பொய் சொல்வானேன், டீச்சருக்கும் மனசு மினுக்கி பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் தங்கை சொன்ன ஒரு வார்த்தை உள்ளே முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

தங்கைக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சலோடு காது போய்விட்டது. எதிரே பேசுபவரின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். சிறு வயதில் கரண்ட் போனால் அக்கா டார்ச்சை எடுத்துத் தன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தங்கையோடு வம்பளப்பாள். பேட்டரி தீருதே என்று அம்மா திட்டுவார். டீச்சர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையே அந்த டார்ச்சில்தான் தொடங்குகிறது.

அப்படிப்பட்ட தங்கை, போன நாடகம் முடிந்ததும் சொல்லிவிட்டாள். "இனிமே நான் வரலக்கா. வெளிச்சம் ரொம்ப அழகு. கதைதான் ஒண்ணும் தெரியல. எல்லாரும் சிரிக்கறதப் பாத்துட்டு நானும் சிரிக்கறேன். எத்தன நாளைக்கு நடிக்கறது?"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கையின் சிரிப்பு எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் வந்திருக்கிறது. கூடவே உட்கார்ந்திருந்தும் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இவள் இல்லாத அரங்கில் யாருக்காக விளக்குப் போடுவது?

"இன்னும் ஒரே தடவ வா. பிடிக்கலன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டேன்."

"சொன்ன பேச்சு மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு மென்பொருளையும் சோதித்துப் பார்க்க டீச்சர் எடுத்துக்கொண்டது ஒரு நகைச்சுவை நாடகத்தின் அடுத்தடுத்த இரண்டு காட்சிகள். முதல் காட்சிக்கு ஒரு குழு மினுக்கியில் வெளிச்சம் அமைத்தது, அடுத்ததற்கு இன்னொரு குழு குச்சி மனிதர்களோடு மல்லுக்கட்டியது. பிறகு இரு குழுவும் திரையில் போட்டபடியே நிஜ விளக்குகளை மாட்டின. பார்க்க மற்ற வகுப்பு மாணவர்கள் வந்திருந்தார்கள்.

முதல் காட்சி. மேலிருந்தும் பின்னாலிருந்தும் நீலம் கொட்டியது. கண்கொள்ளாக் காட்சிதான். அரங்கு சிரித்தது. ஒரு நொடி கழித்துத் தங்கை சிரித்தாள்.

இடைவேளையில் டீச்சர் நேரே கணினிக்குப் போனார். அழகு எங்கே காலை வாரியது என்று தெரிந்தாக வேண்டும். மினுக்கிக்குள் நின்ற பொம்மை ஆளைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். தோள் பளபளத்தது, முடியின் ஓரம் மின்னியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் உரித்த முட்டை போல வழவழவென்று ஒன்று. வாயே இல்லை. இருந்தால்தானே பிள்ளைகளுக்கு அதன் மேல் வெளிச்சம் போடத் தோன்றும்!

ஆனால் அந்தக் குச்சி மனிதனுக்கும் வாய் கிடையாதே? டீச்சருக்கு ஆவல் தாங்கவில்லை. இரண்டாவது குழுவில் இருந்த மூக்குக்கண்ணாடிப் பெண்ணைப் பிடித்துக் கேட்டார்.

"அத நம்பி எப்படி மேடம் லைட் போடறது?" என்றாள் அவள். "வட்டத்தப் பாத்தா என்ன தெரியும்? அதான் ஒரு நிஜ லைட்ட ஏத்தி வெச்சுட்டு, மாத்தி மாத்தி நாங்களே மேடையில போய் நின்னு பாத்தோம். இதோ இவன் நின்னப்ப மூக்கு நிழல் வாய் மேல விழுந்துச்சு. திரும்பி வந்து திரையில லைட்ட முன்னாடி, கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளிப் போட்டோம். மறுபடியும் போய் நின்னோம். கால் வலியே வந்துடுச்சு."

மினுக்கி கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டிருக்கிறது. யாரும் நாற்காலியை விட்டு எழவே இல்லை. இந்த அசடு எதையும் காட்டாததால் பிள்ளைகள் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். டீச்சருக்கு முடிவு பாதி தெரிந்துவிட்டது. மீதியைத் தங்கைதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது காட்சி தொடங்கியது. மஞ்சளும் வெள்ளையுமாகச் சாதாரண வெளிச்சம். துறைத்தலைவர் கொட்டாவி விட்டார். டீச்சர் பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் மாமனார் வேடக்காரர் மருமகனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று டீச்சர் காதில் விழவில்லை, அவ்வளவு பயம். அரங்கு சிரித்தது. தங்கையும் சிரித்தாள், அதே நொடியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கை அவர் கையைத் தட்டினாள்.

"என்னையே ஏன்க்கா பாத்துட்டிருக்க? மேடையப் பாரு, நல்ல இடம் போயிட்டிருக்கு."