தட்டாமல் ஏறிய கார்

போன ஞாயிறு ஒரு சாதனை செய்தேன். தோட்டத்து ரோட்டில் என் கார் அடி தட்டாமல் ஏறிவிட்டது!

சிரிக்காதீர்கள். பதினொரு வருடமாக அந்த ரோட்டோடு மல்லுக்கட்டுகிறேன். பொகவந்தலாவை பஜாரைத் தாண்டி, மச்சினன் வேலு இருக்கும் தோட்டத்துக்குப் பிரியும் ரோடு அது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் கல் மேடு. லொறிக்கு என்ன, அது உயரத்தில் போகும். என் கார் அப்படியா?

காரின் அடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்கிறார்கள். வாங்கும்போது நிறம் பார்த்தேன், சீட் பார்த்தேன்... குனிந்து அடியை யார் பார்த்தது? பிறகு ஹட்டன் கராஜ் பாஸ்தான் விளக்கினார்.

"சேர், புத்தகத்துல போட்டிருக்கிற அளவு வெறுங்காருக்குங்க. நாலு பேரு ஏறி, டிக்கியில மூட்டையும் வச்சா ஸ்பிரிங் அமுங்கிரும். கார் ரெண்டு வெரலு எறங்கிரும். பெறகு தட்டாம என்ன செய்யும்?"

அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். அந்த ரோடு முனியாண்டி கோயிலடியில் வளையும் முடக்கு வந்ததும் காரை நிறுத்துவேன். "எல்லாரும் எறங்குங்க!" மகள் இறங்குவாள், மகன் இறங்குவான். என் மனைவி புஷ்பம் கடைசியாக, பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்குவாள்.

"கார் வச்சிக்கிட்டு நடக்கிற குடும்பம் இந்த மலையில நம்ம மட்டுந்தாங்க!"

நான் மட்டும் மேட்டைத் தாண்டி, மேலே போய்க் காத்திருப்பேன். மூச்சு வாங்க வந்து ஏறுவார்கள். சோம்பல்பட்டு இறங்காத நாளில் — டங்! அந்த ஒரு டங்கை வைத்தே புஷ்பம் வீடு வரை பேசுவாள்.

இப்போது மகன் டோஹாவில். மகள் கனடாவில். பேரன் பிறந்ததும் மூன்று மாதத்துக்கென்று போன புஷ்பத்துக்கு இது பத்தாவது மாதம். டிக்கெட் இரண்டு தரம் தள்ளிப்போய்விட்டது. "அம்மா இன்னுங் கொஞ்ச நாள் இருக்கட்டுமேப்பா" என்கிறாள் மகள். "சரிம்மா" என்கிறேன். வேறென்ன சொல்ல? போனை வைத்தால் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. ஒரு ஆளுக்குத் தேத்தண்ணி போடும் அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிறு தோட்டத்தில் தேர்த் திருவிழா. "தனியாவா போறீங்க?" என்று முதல் நாளே கேட்டாள் புஷ்பம். "சே, பக்கத்து வீட்டு ஆளுங்க வர்றாங்க. கார் நெறைய ஆளு!" என்று புளுகினேன். அவள் அங்கே இருந்து கவலைப்படுவானேன்?

தனியாகத்தான் போனேன். ஆனால் முடக்கு வந்ததும் பழக்கதோஷம் — காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். விறகுக்கட்டோடு வந்த ஓர் அம்மா குனிந்து உள்ளே பார்த்தார்.

"இன்னும் யாருங்க சேர் வரணும்?"

"யாரும் இல்லிங்க."

ஓட்டினேன். ஒரு கல்கூட உரசவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன்தான்... அழுகை வந்துவிட்டது.

மாலையில் தேர் நகரும்போது புஷ்பத்துக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. தேரைக் காட்டினேன், வேலுவைக் காட்டினேன். வாய் சும்மா இருந்ததா?

"புஷ்பம், இந்தத் தரம் கார் தட்டவே இல்ல, தெரியுமா? யாரும் எறங்காமலே ஏறிருச்சு!"

புஷ்பம் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"கார் நெறைய ஆளுன்னீங்களேங்க?"

மாட்டிக்கொண்டேன். மேளச் சத்தத்தில் கேட்காததுபோல நின்றேன். ஆனால் அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டது நன்றாகவே கேட்டது.

"ஏம்மா, அந்த டிக்கெட்ட இன்னைக்கே பாரு. இந்த மாசமே போகணும்."

அடி உயரமான ஜீப்பாக வாங்குங்கள் என்று மகன் நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். வேண்டாம்டா தம்பி... தட்டட்டும்!