நான்காவது கட்டம்

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு ஷீல்டு இருக்கிறது. பொது சுகாதாரத் துறையின் சிறந்த முதுகலை மாணவி என்று பொன்னிற எழுத்தில் போட்டிருக்கும். அம்மா வாரத்துக்கு ஒருமுறை அதை எடுத்துத் துடைப்பாள். சாத்தான்குளத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பரிசு என்றால் உயிர். அவள் துடைக்கும்போது நான் எழுந்து டிவியைப் போட்டுவிடுவேன்.

ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு அந்தப் படிப்பில் சேர்ந்தேன். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் கண் எரிச்சலும் கால் புண்ணும்தான் என் ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்பத் துறையில் இரண்டு களப்பணியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் ஐம்பது வயது ஆண், எல்லோருக்கும் அண்ணாச்சி. இன்னொருவர் கடற்கரைத் தெருவிலிருந்து வரும் அக்கா. இரண்டு பேருமே ஒப்பந்த வேலை. தெருக்களில் ஆளுக்குப் பாதி.

ஃபாரத்தின் மேல்மூலையில் மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கும். போய்ப் பார்த்து வீடு பூட்டியிருந்தால் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதி அந்த வீட்டைக் கைகழுவிவிடலாம். உப்பளத்துப் பெண்களோ விடியுமுன்னே பாத்திக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஒன்பதரை மணிக்குக் கையெழுத்துப் போட்டு ஜீப்பில் ஏறுவோம். பூட்டிய கதவை ஆராய்ச்சி செய்ய அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அக்கா கொண்டுவந்த ஃபாரக் கட்டில் பூட்டிய வீடுகள் நிறைய இருந்தன. அண்ணாச்சியின் ஃபாரக் கட்டில் ஒன்றுகூட இல்லை. என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்துக்கு அந்தக் கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

பத்து வீட்டுக்கு ஒரு வீடு வீதம் மாணவர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அண்ணாச்சியின் தெருவில் முதல் வீட்டுக்குப் போனேன். பூட்டு துருப்பிடித்துக் கதவோடு ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரத் தேடுதிய? அவுக குடும்பத்தோட திருப்பூருக்குப் போயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. தீவாளிக்குக்கூட வரல.”

கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்தேன். போன மாதம் நிரப்பியது. வயது முப்பத்தெட்டு. கண் எரிச்சல் உண்டு. பாதத்தில் புண் உண்டு. ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் நாலு டம்ளர். அந்த நாலு டம்ளர்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊரிலேயே இல்லாத ஒருத்தி அண்ணாச்சியின் அழகான கையெழுத்தில் தினமும் நாலு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என் பட்டியலில் இருந்த அடுத்த வீட்டில் ஆள் இருந்தது. ஆனால் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம்கூட வரவில்லை. வெயில் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்கப் பதினைந்து நாள்தான் பாக்கி. அண்ணாச்சியின் கட்டைத் தூக்கிப் போட்டால் பாதி ஆய்வு போய்விடும், இன்னும் ஆறு மாதம் ஆகும். இதையெல்லாம் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். சரிபார்ப்புத் தாளை முழங்காலில் வைத்து, ‘ஒத்துப்போகிறது’ என்ற இடத்தில் டிக் போட்டேன். இரண்டு வீட்டுக்கும் போட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்து ஒரு சர்பத் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து மேடம் கூப்பிட்டனுப்பினார்.

“ப்ராஜெக்ட் சின்னதாகுது. இந்த கான்ட்ராக்ட் முடிஞ்சதும் ஒரு ஃபீல்டு ஸ்டாஃப்தான். பெஸ்ட் ஸ்டாஃப் அவார்டு யாருக்கோ அவங்களையே வச்சுக்கலாம்னு முடிவு. ரெண்டு பேர்கிட்டயும் வேலை வாங்கினது நீதான். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடு.”

இந்தச் செய்தி எனக்கு முன்னே அக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கேன்டீன் வாசலில் பிடித்துக்கொண்டாள். மகள் நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அக்காவுடையது மட்டும்தான். எனக்கு அது தெரியும்.

“ஏளா, என்னையப் பத்தி நீதான் எழுதப் போறியாமே. கூடக்கொறைய ஒண்ணும் எழுத வேண்டாம். உள்ளத எழுது, போதும்.”

உள்ளதைத்தான் எழுதினேன். அக்கா பொறுப்பில் இருந்த தெருக்களில் பூட்டிய வீடுகள் அதிகம் என்று எழுதினேன். அண்ணாச்சி பொறுப்பில் ஒரு ஃபாரம்கூட விடுபடவில்லை என்று எழுதினேன். தேடினாலும் அந்த இரண்டு பக்கத்தில் ஒரு பொய் கிடைக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். புள்ளிவிவரத்தில் மறைக்கலாம். தாளின் கீழே ‘விடாமுயற்சி’ என்று ஒரு வரி இருந்தது. அண்ணாச்சிக்கு ‘மிக நன்று’ என்று போட்டேன். அக்காவுக்கு ‘சுமார்’.

விழா ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பேச்சுக்கு மேல் பேச்சு. பொன்னாடையும் ஷீல்டும் வைத்த தாம்பாளத்தை மேடைக்குக் கொண்டுவர ஆள் வேண்டுமே, அக்காவைப் போட்டிருந்தார்கள். மெரூன் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அண்ணாச்சியின் பெயரை வாசித்ததும் அவருடைய பொன்னாடையைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்து நின்றவள் அவள்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வீடு விடாமல் தரவு சேகரித்த ஆய்வு என்று மேடம் அண்ணாச்சி பகுதியைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். கைதட்டல் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோலக் கேட்டது. ஷீல்டை வாங்கிக்கொண்டு நின்றேன். தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

“சிரிளா. போட்டோ எடுக்காவ.”

சிரித்தேன். அந்தப் போட்டோவும் வீட்டில் இருக்கிறது.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அக்கா மறுபடி வந்தாள். பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினாள்.

“அந்தச் சந்துல கடைசி வீடு, மூணு தடவ போயும் பூட்டிக் கெடக்குன்னு எழுதிக் குடுத்தேம்லா? இன்னிக்கு வெள்ளன போயி வாசல்ல நின்னேன். உப்பளத்துக்குக் கெளம்புத நேரத்துல புடிச்சிட்டேன்.”

“அக்கா, புக்கு பைண்டிங் ஆயிட்டு.”

“தெரியும். உன் புக்குக்கு இல்லளா. அவ கண்ணு ரொம்ப மோசமா இருக்கு. சும்மா போனா டோக்கன் போடவே இழுத்தடிப்பாவ. நீ நர்சுல்லா, ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். திங்கக்கெழமையில இருந்து எனக்குத்தான் சோலி இல்லையே.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. நாள் கணக்குச் சொல்லும் குரல்தான். அழைப்பிதழின் பின்பக்கத்தில் கண் டாக்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ஃபாரம் என் கையிலேயே தங்கிவிட்டது. அக்கா இப்போது இறால் கம்பெனியில் இருக்கிறாள் என்று கேள்வி. அண்ணாச்சி அதே துறையில் இருக்கிறார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அன்று பஸ்ஸில்தான் அந்த ஃபாரத்தைச் சரியாகப் பார்த்தேன். மேல்மூலையில் அச்சடித்த மூன்று கட்டங்களிலும் டிக் இருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் அக்கா ஸ்கேல் வைத்து, பேனாவால், அதே அளவில் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்திருந்தாள். அதில் டிக் போட்டு, கீழே நேரம் எழுதியிருந்தாள். காலை நாலு ஐம்பது. வெட்கம் அப்போதுதான் வந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், ஸ்ரீவைகுண்டம் தாண்டியும் வரவில்லை. நான் போட்ட ‘சுமார்’ மட்டும் கண்முன்னே நின்றது.

ஃபாரத்தை நாலாக மடித்து ஷீல்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அம்மா துடைக்கும்போது அதையும் எடுத்துத் தூசி தட்டி அதே இடத்தில் வைக்கிறாள். என்ன காகிதம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அவள் இதுவரை கேட்கவில்லை.